நுரையீரலில் கொழுப்பு: கண்டறிதலும் காரணம் கூறலும் – உடற்கூறாய்வில் கொழுப்புத் தக்கையடைப்பு குறித்த ஆய்வுரைகள் மீது ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

எலும்பு முறிவுற்று இறந்தவரின் நுரையீரலில் கொழுப்புத் துளிகளைக் காண்பது அரிதன்று. அத்துளிகள் சாவுக்குக் காரணமாயினவா என்று சொல்வதே அரிது. கண்டறியும் முறை, தரப்படுத்தும் முறை, காரணம் கூறும் முறை ஆகியவற்றில் இத்துறை ஆய்வுரைகள் மேற்கொள்ளும் தருக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நுரையீரலில் கிடைக்கும் சான்று, காயம் உயிருடன் இருந்தபோது ஏற்பட்டது என்பதற்குத் துணை நிற்கும். சாவின் காரணத்தை நிறுவ அது மட்டும் போதாது. இவ்வேறுபாடு மறைக்கப்படும் இடங்களை இக்கட்டுரை சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கொழுப்புத் தக்கையடைப்பு, உடற்கூறாய்வு, உறைவெட்டு, உயிர்நிலைக் காயம், சாவின் காரணம், சட்ட மருத்துவம்

முன்னுரை

தொடை எலும்பு முறிந்த ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். முதல் நாள் தெளிவாகப் பேசுகிறார். இரண்டாம் நாள் மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, மார்பின் மேற்புறத்திலும் அக்குளிலும் கண்ணிமையின் உட்புறத்திலும் ஊசிமுனையளவு செம்புள்ளிகள் தோன்றுகின்றன. மூன்றாம் நாள் இறக்கிறார். மருத்துவப் பாடநூல்கள் கொழுப்புத் தக்கையடைப்புக் கூட்டறிகுறிக்குத் தரும் சித்திரம் இது. முறிந்த எலும்பின் மஜ்ஜையிலுள்ள கொழுப்பு, கிழிந்த சிரைகளின் வழியே குருதியோட்டத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழல்களில் தங்குகிறது. ஒரு பகுதி அவற்றையும் கடந்து மூளை, சிறுநீரகம், தோல் ஆகியவற்றை அடைகிறது.

உடற்கூறாய்வு மேசைக்கு வரும் உடல்களில் பெரும்பாலானவை இச்சித்திரத்தோடு வருவதில்லை. சாலையிலேயே இறந்தவர், அறுவைச் சிகிச்சையின்போது இறந்தவர், தாக்கப்பட்டுச் சில மணி நேரம் கழித்து இறந்தவர் எனப் பலரின் நுரையீரலிலும் கொழுப்பு காணப்படுகிறது. அறிகுறிகளோடு வெளிப்படும் நோய் அரிது. நுண்நோக்கியில் தெரியும் கொழுப்போ மிகப் பரவலானது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை ஆய்வுரைகள் எவ்வாறு கடக்கின்றன என்பதே இங்கு வினா.

தொடக்கத்திலேயே நேர்ந்த பிரிவு

மனித உடலில் இதனை முதலில் விவரித்தவர் ஜெர்மானிய நோயியலாளர் சென்கர். 1862இல் மார்பும் வயிறும் நசுங்கி இறந்த ஓர் இரயில்வே தொழிலாளியின் நுரையீரல் நுண்குழல்களில் அவர் கொழுப்புத் துளிகளைக் கண்டார். அவர் கண்டது சரி. சொன்ன காரணம் பிழை. இரைப்பையின் உணவுக் கொழுப்பு, கிழிந்த கல்லீரல் சிரைகளின் வழியே நுழைந்திருக்கும் என்று அவர் கருதினார். கொழுப்பு எலும்பு மஜ்ஜையிலிருந்து வருகிறது என்பதை வாக்னர் முதலிய சமகாலத்தவர்களே பின்னர் வலியுறுத்தினர். உயிருள்ள நோயாளியிடம் இந்நோயை இனங்கண்ட பெருமை 1873இல் எர்ன்ஸ்ட் ஃபொன் பெர்க்மனுக்கு உரியது.

இந்நிகழ்ச்சியை வரலாற்று முன்னுரைகளில் ஒரு வரியில் சொல்லிக் கடப்பது வழக்கம். அது அவ்வளவு எளிதாகக் கடக்கத்தக்கதன்று. காட்சியின் உறுதி விளக்கத்துக்கும் உறுதி தருவதாகத் தோன்றும் மயக்கம் இத்துறையின் முதல் ஏட்டிலேயே இருக்கிறது. சென்கரின் காலத்தில் கேட்கப்பட்டது 'எங்கிருந்து வந்தது' என்பது; இன்று கேட்கப்படுவது 'என்ன செய்தது' என்பது. வினா மாறினாலும், துளியைக் கண்டவுடன் விடையும் கண்டதாகக் கொள்ளும் விரைவு மாறவில்லை.

1962இல் 'கொழுப்புத் தக்கையடைப்பு' என்ற பொருளில் தனிநூல் எழுதிய பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையின் சைமன் செவிட் இவ்விரைவுக்கு ஒரு தடை போட்டார். நுரையீரலோடு நின்றுவிட்ட கொழுப்பையும் உடல் முழுதும் பரவிய கொழுப்பையும் அவர் பிரித்தார். உயிருக்கு ஊறு விளைவிப்பதாக அவர் பெரிதும் கருதியது இரண்டாவதையே, குறிப்பாக மூளையை அடைந்ததை. பின்வந்த ஆய்வுரைகள் பல இப்பிரிவைக் குறிப்பிடுகின்றன. ஆனால் தம் முடிவுகளில் அதனைப் பயன்கொள்வதில்லை.

கண்டறியும் முறை: இல்லை என்பதன் பொருள்

திசுநோயியல் ஆய்வகத்தின் அன்றாட முறை பாரஃபின் முறை. ஃபார்மலினில் பதப்படுத்திய திசு, ஆல்கஹாலிலும் சைலீனிலும் தோய்ந்து மெழுகில் பொதியப்படுகிறது. ஃபார்மலின் கொழுப்பைக் கரைப்பதில்லை. பின்வரும் கரைப்பான்கள் கரைத்துவிடுகின்றன. கொழுப்பு இருந்த இடத்தில் எஞ்சுவது ஒரு வெற்றுக் குழி. அக்குழி கொழுப்பின் சுவடாகவும் இருக்கலாம், காற்றுக் குமிழாகவும் இருக்கலாம், திசு சுருங்கியதால் விழுந்த இடைவெளியாகவும் இருக்கலாம். எனவே கொழுப்பை உறுதிசெய்ய உறைவெட்டு வேண்டும்: திசுவை மெழுகின்றி உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ, சூடான் 3, சூடான் 4, சூடான் பிளாக் பி போன்ற கொழுப்பேற்கும் சாயங்களில் ஒன்றை ஊட்ட வேண்டும். ஃபார்மலினில் கிடந்த திசுவிலும் இதனைச் செய்யலாம். ஆஸ்மியம் டெட்ராக்சைடு மற்றொரு வழி. அது கொழுப்பைக் கறுப்பாக்கிக் கரைப்பான்களுக்கு அசையாதபடி நிலைப்படுத்துவதால் அதன்பின் மெழுகில் பொதியலாம். நச்சுத்தன்மையும் விலையும் அதன் பயன்பாட்டைக் குறுக்குகின்றன.

இவை பாடநூல் செய்திகள். ஆயினும் பயன்படுத்திய முறையைக் கூறாமல் 'நுரையீரலில் கொழுப்பு காணப்படவில்லை' என்று மட்டும் முடியும் ஓர் அறிக்கை, இச்செய்திகளைப் பொருளற்றவை ஆக்கிவிடுகிறது. பாரஃபின் சீவலை மட்டும் பார்த்து எழுதப்பட்ட 'இல்லை' என்பது இன்மையைக் குறிப்பதன்று, தேடப்படாமையைக் குறிப்பது. கொழுப்புத் தக்கையடைப்பு எனும் ஐயம் உடற்கூறாய்வு மேசையிலேயே எழாவிடில், திசு மெழுகுக்குப் போய்விடும். ஃபார்மலினில் ஒரு துண்டு எஞ்சியிருந்தால் அன்றிப் பின்னர் மீட்க வழியில்லை.

'உண்டு' என்பதிலும் சிக்கல் உண்டு. தோலடிக் கொழுப்பையும் குடல்மடிப்புக் கொழுப்பையும் வெட்டிய கத்தியால் நுரையீரலை வெட்டினால் கொழுப்பு அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சாயமேற்ற துளி குழலின் உள்ளே, அதன் சுவர்களுக்கு இடையே, திசுவோடு ஒரே குவியத்தில் தெரிகிறதா, அல்லது சீவலின் மேல் மிதக்கிறதா என்பதைப் பார்ப்பவர் குறிக்க வேண்டும். எத்தனை மடல்களிலிருந்து திசு எடுக்கப்பட்டது என்பதும் அவ்வாறே. ஒரே ஒரு துண்டைக் கொண்டு இரு நுரையீரல்களுக்கும் தீர்ப்பு எழுதும் ஆய்வுரையின் பிற கணக்குகள் எவ்வளவு நுட்பமாயினும் அடித்தளம் மெலிந்ததே.

அண்மைக் காலத்தில் இறந்தவரின் உடலைக் கணினித் தளவரைவால் ஆராய்வோர் வலது இதயத்திலும் நுரையீரல் தமனியிலும் குருதிக்கு மேல் கொழுப்பு தனி அடுக்காக மிதப்பதைக் காட்டியுள்ளனர். இது பெருமளவுக் கொழுப்புக்கு மட்டுமே பொருந்தும். நுண்குழல் அளவில் இம்முறை நுண்நோக்கிக்கு ஈடாகாது.

தரப்படுத்தல்: மான்கொம்பின் கவர்ச்சி

1964இல் ஃபால்சி, ஹென், ஸ்பான் ஆகிய மூவர் வகுத்த படிநிலையே இன்றும் ஐரோப்பியச் சட்ட மருத்துவத்தில் வழங்குகிறது. பின்னர் யான்சன் அதனைத் திருத்தியமைத்தார். கொழுப்பு இல்லாமையும் அங்கொன்று இங்கொன்றாகக் காண்பதும் சுழியம். துளி வடிவம் முதற்படி. நீண்ட குழல் வடிவிலும் தேங்கிய ஏரி வடிவிலும் பல இடங்களில் காண்பது இரண்டாம் படி. கிளைத்த நுண்குழல்களை நிறைத்து மான்கொம்பு போல எல்லாப் புலங்களிலும் காண்பது மூன்றாம் படி. எளிமையானது, விரைவானது, ஒருவர் கண்டதை மற்றொருவருக்கு உணர்த்தவல்லது. அதன் நீடித்த வாழ்வுக்கு இவை தக்க காரணங்களே.

அதன் குறையும் அந்த எளிமையிலேயே இருக்கிறது. வடிவம் என்பது கொழுப்பின் பண்பு மட்டுமன்று, வெட்டின் பண்புமாகும். நெடுக்கில் வெட்டுண்ட நுண்குழல் கொம்பாகத் தெரியும்; அதே குழல் குறுக்கில் வெட்டுண்டால் புள்ளியாகத் தெரியும். தடித்த சீவலில் கிளைகள் கூடுதலாகத் தெரியும். மெல்லிய சீவலில் அவை துண்டுகளாகிவிடும். சீவலின் தடிமனைக் குறிப்பிடாத ஓர் ஆய்வின் இரண்டாம் படியை மற்றோர் ஆய்வின் மூன்றாம் படியோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. படிநிலை அளப்பது கொழுப்பின் பரவலை. ஆய்வுரைகள் அதிலிருந்து பெறுவதோ நுரையீரல் செயலிழப்பை. ஒரு நுரையீரல் முழுவதையும் அகற்றிய பின்னும் மனிதர் வாழ்கின்றனர். அத்துணைக் குழற்சேமிப்பு நுரையீரலில் இருக்கிறது. ஆகவே அடைபட்ட குழல்களின் தோற்றத்தைக் கொண்டு மட்டும் வலது இதயம் தோற்றது என்று சொல்ல முடியாது. வலது இதயவறையின் விரிவு, நுரையீரலின் எடையும் நீர்க்கோவையும், இறப்புக்கு முந்தைய ஆக்சிஜன் அளவு ஆகியவை வேண்டும். மூன்றாம் படி 'சாவுக்கு ஒப்பத்தக்கது' என்று எழுதப்படும் இடங்களில் இவை பெரும்பாலும் இல்லை. மான்கொம்பு கண்ணைக் கவர்கிறது. கண்ணைக் கவர்வதனாலேயே அது காரணமாகிவிடுகிறது.

காலம் இச்சிக்கலை மேலும் முறுக்குகிறது. முறிவு நேர்ந்து சில நிமிடங்களுக்குள்ளேயே கொழுப்பு நுரையீரலை அடைந்துவிடும். ஆகவே தலை நசுங்கி உடனே இறந்தவரிடமும் அது இருக்கலாம். அவரைக் கொல்ல அதற்கு நேரமில்லை. மறுபுறம், பல நாட்கள் உயிரோடிருந்து மூளைப் பாதிப்பால் இறந்தவரிடம் நுரையீரல் கொழுப்பு குறைந்திருக்கலாம். அது சிதைந்தும் கடந்தும் போய்விடுகிறது. முதலாமவர் உயர்ந்த படியையும் இரண்டாமவர் தாழ்ந்த படியையும் பெறக்கூடும். காயத்துக்கும் சாவுக்கும் இடைப்பட்ட காலத்தைத் தனி மாறியாகக் கொள்ளாத எந்தத் தரப்படுத்தலும் இவ்வகையில் உண்மைக்கு நேரெதிரான வரிசையைத் தரும் இடருக்கு உட்பட்டது.

லியோனார்ட் பெல்டியர் 1950களில் முன்வைத்த வேதியியல் விளக்கத்தை இங்குக் கருத வேண்டும். நுரையீரலில் தங்கிய நடுநிலைக் கொழுப்பு நொதிகளால் பிளவுற்றுக் கொழுப்பமிலங்களாகிக் குழற்சுவரைப் புண்படுத்துகிறது என்பது அவ்விளக்கம். அறிகுறிகள் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை தாமதமாக வெளிப்படுவதை வெறும் அடைப்பைவிட இது பொருத்தமாக விளக்குகிறது. ஆனால் இது சரியெனில், சாயமேற்ற துளிகளை எண்ணுவது, தீங்கு செய்து முடித்த கொழுப்பை விட்டுவிட்டு இன்னும் செய்யாத கொழுப்பை எண்ணுவதாகிவிடும். வேதியியல் விளக்கத்தை முன்னுரையில் ஏற்று, முடிவில் துளியெண்ணிக்கையைக் கொண்டே காரணம் கூறும் ஆய்வுரைகள் தம் முன்னுரையோடு தாமே முரண்படுகின்றன.

உயிர்நிலைச் சான்றும் அதன் எல்லையும்

குருதி ஓடாத உடலில் மஜ்ஜைக் கொழுப்பு நுரையீரலுக்குப் பயணம் செய்யாது. எனவே நுரையீரல் கொழுப்பு, முறிவு நேர்ந்தபோது இதயம் இயங்கியது என்பதற்குச் சான்று. விமான விபத்துகளில் இறந்தோரை ஆராய்ந்த பிரிட்டானிய நோயியலாளர் மேசன் 1968இல் இதனையே முன்வைத்தார்: சாவுக்கு முன் வன்மை நேர்ந்ததற்கான அடையாளமாக நுரையீரல் கொழுப்பையும் மஜ்ஜைத் தக்கையையும் கொள்ளலாம் என்பது அவர் வாதம். எரிந்த வீட்டில் கிடந்த உடல், தண்டவாளத்தில் கிடந்த உடல் ஆகியவற்றில் இவ்வினாவின் மதிப்பு பெரிது. முறிவு முன்னா, பின்னா என்பதில் ஒரு கொலை மறைந்திருக்கலாம்.

இச்சான்றையும் கலங்கச் செய்யும் சூழல்கள் உள்ளன. மார்பை அழுத்தி இதய இயக்கத்தை மீட்க முயலும்போது விலாவும் மார்பெலும்பும் முறிகின்றன. அவ்வழுத்தமே செயற்கைக் குருதியோட்டத்தை உண்டாக்கி மஜ்ஜையை நுரையீரலுக்குச் செலுத்திவிடும். அழுகலில் வாயுவின் அழுத்தம் கொழுப்பை நகர்த்தும். முறிவே இல்லாத உடல்களிலும் கணைய அழற்சி, கடுமையான தீப்புண், அரிவாளணு நோயில் மஜ்ஜை இறப்பு, கொழுப்பு உறிஞ்சும் அறுவை ஆகியவற்றுக்குப்பின் கொழுப்பு காணப்படலாம்.

2011இல் எரிக்சனும் குழுவினரும் அமெரிக்காவின் 'ஜர்னல் ஆஃப் டிராமா' இதழில் வெளியிட்ட ஆய்வு இக்கோணத்தில் ஊன்றிப் படிக்கத்தக்கது. 50 உடல்களில் 76 விழுக்காட்டில் நுரையீரல் கொழுப்பு காணப்பட்டது. காயத்தால் இறந்தோரில் 82 விழுக்காடு, பிற காரணங்களால் இறந்தோரில் 63 விழுக்காடு. எலும்பு முறிவு, இதய மீட்பு முயற்சி ஆகியவற்றின்படி பார்த்தாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. நேர்மையாகத் தரப்பட்ட எண்கள் இவை. ஆனால் கட்டுரைத் தலைப்பு இதனைக் கண்டறியப்படாத ஒரு கொள்ளைநோய் என்கிறது. காயமின்றி இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் காணப்படும் ஒன்றை நோயெனக் கொள்வதா, அல்லது அக்காட்சிக்கு நோயைப் பிரித்தறியும் ஆற்றல் குறைவு எனக் கொள்வதா? அதே எண்கள் இரண்டாம் முடிவையே வலுவாகத் தாங்குகின்றன. 50 உடல்கள் எனும் சிறு தொகுதியில் வேறுபாடு தென்படாமை, வேறுபாடு இல்லாமைக்கும் சான்றாகாது. ஆய்வு வெளிக்கொணர்ந்தது பரவலை. தலைப்பு கொண்டாடுவது ஆபத்தை.

மூளை சொல்வது

கொழுப்பால் நேர்ந்த சாவு என்பதற்கு உடற்கூறாய்வு தரக்கூடிய வலுவான சான்று மூளையில் இருக்கிறது. வெண்பொருளில் சிதறிய புள்ளிக் குருதிக்கசிவுகள், நுண்குழலைச் சூழ்ந்த வளையக் கசிவுகள், நுண்ணிய திசு இறப்புகள், அவற்றின் நடுவே சாயமேற்கும் கொழுப்பு ஆகியவை சேர்ந்து கிடைக்கும்போது, கொழுப்பு அங்கே சென்றதோடு அமையாமல் ஊறும் செய்தது என்பது திசுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நுரையீரல் துளிக்கும் மூளைத் துளிக்கும் உள்ள வேறுபாடு இதுவே: முன்னது பெரும்பாலும் இருப்பை மட்டும் காட்டுகிறது, பின்னது தன்னைச் சூழ்ந்த விளைவையும் காட்டுகிறது. விளைவின்றித் துளி மட்டும் இருக்கும் மூளையை இவ்வரிசையில் வைக்கலாகாது.

விளைவு வெளிப்பட நேரம் வேண்டும் என்பதால், காயமுற்றுச் சில மணி நேரத்தில் இறந்தவரின் மூளை வெறுங்கண்ணுக்கு இயல்பாகவே தோன்றலாம். மலேரியா பரவிய பகுதிகளில் மற்றொரு விழிப்பும் தேவை: மூளை மலேரியாவும் வெண்பொருளில் வளையக் கசிவுகளை உண்டாக்கும். கொழுப்புச் சாயமின்றிக் கசிவின் வடிவத்தை மட்டும் நம்புவது அங்கே தவறாகும்.

கொழுப்பு இடப்புறம் கடந்த வழியையும் தேட வேண்டும். மேயோ மருத்துவ நிறுவனத்தில் 965 இதயங்களை ஆராய்ந்து 1984இல் வெளியான ஆய்வில் 27.3 விழுக்காட்டில் ஏட்ரியங்களுக்கு இடையிலான நீள்வட்டத் துளை மூடாதிருந்தது. ஒரு சிறு கம்பியைச் செலுத்திப் பார்த்தால் முடியும் சோதனை இது. கொழுப்புத் தக்கையடைப்பை முடிவாக எழுதும் அறிக்கையில் இவ்வொரு வரி இல்லாமைக்கு வசதியின்மையைக் காரணம் காட்ட முடியாது. துளை மூடியிருப்பினும் கொழுப்பு நுரையீரல் நுண்குழல்களின் ஊடாகவே கடக்கக்கூடும். எனவே மூடிய துளை பரவலை மறுக்காது. சிறுநீரகக் குளோமருலஸ்களில் கொழுப்பைத் தேடுவது இவ்விடத்தில் துணைசெய்யும்.

கர்ட், வில்சன் ஆகியோர் 1974இல் தந்த நோயறி அளவைகளில் தலையாயவை மூன்று: மூச்சுத்திணறல், தலைக்காயமின்றி நேரும் மூளைப் பாதிப்பு, தோற்புள்ளிகள். இவற்றுள் இறந்த உடலில் நேரே காணத்தக்கது மூன்றாவது மட்டுமே. ஏனைய இரண்டும் மருத்துவமனைக் குறிப்பேட்டில் இருக்கின்றன. குறிப்பேடு கைக்கு வராமல் எழுதப்படும் முடிவு, நுண்நோக்கி எவ்வளவு நல்லதாயினும், அரைச் சான்றின் மீது நிற்கிறது.

நீதிமன்றத்தில் இதன் எடை

இந்தியக் குற்றவியல் சட்டத்தில் எலும்பு முறிவு கொடுங்காயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவும் இதில் ஒன்றே. தடியால் அடிபட்டுக் கால் முறிந்தவர் மூன்றாம் நாள் இறந்தால், குற்றம் கொடுங்காயத்தோடு நிற்குமா, மரணம் விளைவித்த குற்றமாகுமா என்பது உடற்கூறாய்வு மருத்துவர் எழுதும் ஓரிரு வரிகளைச் சார்ந்து நிற்கிறது. தக்க சிகிச்சையால் சாவைத் தவிர்த்திருக்கலாம் என்பது காயம் விளைவித்தவரை விடுவிக்காது என்று பழைய சட்டத்தின் 299ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கமும் புதிய சட்டத்தின் 100ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கமும் கூறுகின்றன. ஆகவே காயத்துக்கும் சாவுக்கும் இடைப்பட்ட கண்ணி கொழுப்புத் தக்கையடைப்பு என்று நிறுவப்பட்டால் சங்கிலி அறுவதில்லை. ஆனால் அக்காயம் இயற்கையின் வழக்கமான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதா என்பது வேறு வினா. 1958இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனைத் தனிப் படியாகவே வகுத்தது. கால் முறிந்தோரில் மிகச் சிலரே இந்நோயால் இறக்கின்றனர் என்ற மருத்துவ உண்மை இவ்விடத்தில் எதிர்த்தரப்புக்குத் துணையாகும்.

இதனால் பிழை இரு திசையிலும் விலை பெறும். நுரையீரலில் கண்ட சில துளிகளைக் கொண்டு காரணம் எழுதினால், வேறு நோயால் இறந்தவரின் சாவு அடித்தவர் தலையில் விழும். உறைவெட்டு செய்யாமல் 'இல்லை' என்று எழுதினால், உண்மையான கண்ணி அறுந்து ஒரு சாவு வெறும் கால்முறிவாகச் சுருங்கும். எலும்பினுள் கம்பி செலுத்தும் அறுவையின்போதோ அதன் பின்னரோ இறந்தவர் விஷயத்தில் இதே வரி மருத்துவர் மீதான கவனக்குறைவுக் குற்றச்சாட்டாக மாறக்கூடும். மஜ்ஜைக் குழியில் அழுத்தம் உயர்வதால் கொழுப்பு வெளியேறுவது முறையாகச் செய்த அறுவையிலும் நிகழக்கூடியது என்பதை அறிக்கையே சொல்லாவிட்டால் நீதிமன்றத்தில் சொல்ல வேறு ஆவணம் இராது.

பெயரிலுள்ள தீர்ப்பு

இச்சிக்கலின் ஒரு பகுதி சொல்லிலும் இருக்கிறது. எம்போலிசம் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் ஆப்பு, அடைப்பான் எனப் பொருள்படும். அதனைத் தமிழில் தக்கையடைப்பு என்று பெயர்த்தபோது அடைப்பு எனும் செயலும் வெளிப்படையாக ஏறிக்கொண்டது. குழலினுள் கண்ட துளியை 'கொழுப்புத் தக்கையடைப்பு' என்று எழுதும் கணத்திலேயே, அது அடைத்தது என்ற முடிவும் எழுதப்பட்டுவிடுகிறது. தமிழில் மருத்துவம் எழுத முனைவோர் இங்கு நான்கு நிலைகளுக்கு நான்கு சொற்களைக் கொள்ளலாம்: நுண்நோக்கியில் கண்டது குழலகக் கொழுப்பு, வேறிடத்திலிருந்து பயணித்து வந்தது என நிறுவப்பட்டது கொழுப்புத் தக்கை, குருதியோட்டத்தைத் தடுத்தது என நிறுவப்பட்டது கொழுப்புத் தக்கையடைப்பு, உயிருள்ளபோது அறிகுறிகளோடு வெளிப்பட்டது கொழுப்புத் தக்கையடைப்புக் கூட்டறிகுறி. ஆங்கில ஆய்வுரைகள் முதல் மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதால், ஒரு பக்கத்தில் காட்சியாக இருந்தது அடுத்த பக்கத்தில் காரணமாகிவிடுவதை வாசகர் உணர்வதில்லை.

இந்நான்கனுள் எந்த நிலை வரை சான்று செல்கிறது என்பதை ஆய்வு முடிவில் எழுதுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எடுத்த துண்டுகளின் எண்ணிக்கை, சீவலின் தடிமன், சாயத்தின் பெயர், காயத்துக்கும் சாவுக்கும் இடைப்பட்ட மணிநேரம், இதய மீட்பு முயற்சி நடந்ததா என்ற குறிப்பு, மூளையும் சிறுநீரகமும் பார்க்கப்பட்டனவா என்ற குறிப்பு ஆகியவை அறிக்கையில் ஐந்தாறு வரிகளுக்குள் அடங்கும். உறைவெட்டு செய்யப்படாத இடத்தில் எழுதத்தக்கது 'கொழுப்பு தேடப்படவில்லை' என்பதே.